மரத்தைத் தட்டிப் பார்க்க ஆளில்லை

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதை மரம் தறிப்பதில்தான் தொடங்குகிறது. காட்டுக்குள் போன வேடன் கொக்கட்டி மரமொன்றில் கோடாலியைப் போட்டான். மரத்திலிருந்து இரத்தம் பாய்ந்தது. நடுங்கிப்போனவன் துணியால் அதை மூடிவிட்டு ஓடினான். ஊர் கூடிப் பார்த்தபோது அங்கே இலிங்கம் இருந்தது. சொல்கிறவருக்குச் சொல்கிறவர் விவரம் மாறும், இரத்தம் மட்டும் மாறாது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும்.

ஆகவே எங்கள் பக்கத்தில் கோயில் மரத்தில் கைவைக்க யாரும் துணிவதில்லை. இருபது, முப்பது வருடம் அப்படியே விட்டுவிடுவோம். ஒரு மாரியில் கொப்பு முறிந்து மடைப்பள்ளி ஓட்டின் மேல் விழும். அடுத்த கிழமையே கூட்டம் போட்டு, முழு மரத்தையும் அடியோடு தறித்து லொறியில் ஏற்றிவிடுவோம். ஒன்றில் கும்பிடுகிறோம், அல்லது தறிக்கிறோம். நடுவே மரத்தைப் பார்ப்பது, பராமரிப்பது என்றொரு வேலை இருக்கிறது. அதைச் செய்ய ஆளில்லை.

என் அப்பா தச்சர். தோணியும் கட்டுவார், கதவும் செய்வார். மரம் வாங்கப் போனால் மரச்சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். அடிமரத்தைச் சுற்றி நடந்து, முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று என்று தட்டிக்கொண்டே வருவார். கட்டையான சத்தம் வந்தால் நடப்பார். சத்தம் உள்ளே போய்ப் பெருத்துத் திரும்பினால் நின்று, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மறுபடி தட்டுவார். "இது உள்ளுக்குப் போயிற்று மனே" என்பார். அவ்வளவுதான் பரிசோதனை. நான் பிறகு அரசாங்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலைபார்த்து, வடிகான், மதில், கட்டடம் என்று அளந்து ஓய்வுபெற்றவன். வெளிநாடுகளில் மரத்துக்குள் ஒலியை அனுப்பி, உட்புறத்தைப் படமாகவே எடுக்கும் கருவிகள் இருக்கின்றன. அவையும் அப்பாவின் சுத்தியல் கேட்ட கேள்வியைத்தான் கேட்கின்றன: உள்ளே கட்டையா, பொந்தா?

பொந்து இருந்தால் மரம் விழும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மரத்தின் உயிர் வெளி வட்டத்தில்தான் ஓடுகிறது. நடு வைரம் உக்கிப்போன பிறகும் நூறு வருடம் நிற்கிற மரங்கள் உண்டு. மரவியலாளர்கள் ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: அடிமரத்தின் ஆரத்தில் மூன்றிலொரு பங்கு தடிப்புக்காவது சுற்றிவர நல்ல மரம் இருக்கவேண்டும். ஐந்தடி விட்டமுள்ள மரமென்றால் ஆரம் முப்பது அங்குலம். பத்து அங்குலம் திடமாக இருந்தால் பயமில்லை. அதற்குக் குறைந்தால் யோசிக்கவேண்டும். ஒரு பக்கம் திறந்து குகைபோலக் கிடந்தால் இன்னும் கூடுதலாக யோசிக்கவேண்டும். இந்தக் கணக்கு வேதவாக்கு இல்லை. ஆனால் ஒன்றுமே பார்க்காமல் "பழைய மரம், ஆபத்து" என்று கடிதம் எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மட்டக்களப்பில் மரத்தைப் பற்றிப் பேசினால் 1978 நவம்பர் 23ஐப் பேசாமல் முடியாது. அந்தச் சூறாவளி அடித்த இரவை நினைவுவைத்திருப்பவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறோம். மாவட்டத்தின் 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அழிந்தது என்று கணக்கு எழுதினார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தார்கள். விடிய எழும்பிப் பார்த்தபோது கல்லடிப் பக்கம் முன்பு கண்ணில் படாத தூரமெல்லாம் தெரிந்தது. மறைத்துக்கொண்டிருந்த மரம் ஒன்றும் இல்லை. அப்பா எங்கள் வளவில் விழுந்ததை எண்ணவில்லை, விழாததைத்தான் எண்ணினார். வேப்பமரம் நின்றது. இலையும் கொப்பும் போய்த் தூண்போல நின்றது, ஆனால் நின்றது. மூலையில் நின்ற பூவரசு சாய்ந்து, சாய்ந்தபடியே பிறகு துளிர்த்தது. மரம் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்தக் காலைதான்.

வாவிக்கரை மரத்துக்குத் தனிப் பிரச்சினை ஒன்றிருக்கிறது. இங்கே தோண்டினால் ஆறேழு அடியில் தண்ணீர், சில இடத்தில் அதற்கும் மேலே. வேர் தண்ணீருக்குள் மூச்சுவிடாது. ஆகவே ஆழம் போகாமல் பக்கவாட்டில் விரியும். மேலே அறுபதடிக் குடை, கீழே மணலில் விரித்த ஒரு தட்டு. கார்த்திகை, மார்கழியில் மழை விடாமல் பெய்து மணல் ஊறினால் பிடி தளரும். அந்த நேரம் வாடைக்காற்று ஒரே பக்கமிருந்து தள்ளினால் மரம் முறியாது, வேர்த்தட்டோடு பெயர்ந்து சாயும். ஆகவே மரம் விழுமா என்று பார்க்க மேலே அண்ணாந்து பார்ப்பதோடு நிற்கக்கூடாது. காற்று வருகிற பக்கத்து மண்ணைப் பார்க்கவேண்டும். அங்கே அரைவட்டமாக வெடிப்பு விட்டிருந்தால், அல்லது ஒருபக்க மண் மெல்ல உப்பியிருந்தால், அதுதான் அறிவிப்பு. சாய்வு பழையதா புதியதா என்றும் பார்க்கவேண்டும். குழந்தையிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் நுனியில் நிமிர்ந்திருக்கும். அது தன்னைச் சரிசெய்துகொண்ட மரம். நேராக வளர்ந்து போன மாரியில் சாய்ந்ததென்றால் நுனியும் சேர்ந்து சாய்ந்திருக்கும். அதை நம்பக்கூடாது.

கொப்பு விழுவது வேறு கதை. அதற்குக் காற்றே வேண்டாம். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று ஓய்ந்த மத்தியானத்தில், ஓர் இலை அசையாத நேரத்தில், நிழல்வாகையின் நீண்ட கொப்பு படாரென்று முறிந்து விழுவதைக் கண்டவர்கள் உண்டு. தூங்குமூஞ்சி மரமென்றும் சிலர் சொல்வார்களே, அதுதான். வெள்ளைக்காரர் தென்னமெரிக்கப் பக்கமிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்த மரம். ரோட்டு, கச்சேரி, பாடசாலை என்று அவர்கள் கால்வைத்த இடமெல்லாம் நிற்கிறது.

வாவியோரத்தில் ஒரு பழைய பாடசாலை. பெயர் வேண்டாம். அங்கே நின்ற நிழல்வாகையைத் தறித்த நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நூறு வயதைத் தாண்டிய மரம். முன்மண்டபக் கூரையின் பாதி அதன் கீழேதான். அதிபருக்கு நித்திரை இல்லை. 2023 ஒக்டோபர் 6ஆம் தேதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில், தெனியாயவுக்குப் புறப்பட்ட பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் செத்த படத்தை அவர் தொலைபேசியில் வைத்திருந்தார். யாராவது "மரம் பாவம் சேர்" என்று சொல்ல வந்தால் அந்தப் படத்தை எடுத்துக் காட்டுவார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கீழே நிற்பது அறுநூறு பிள்ளைகள்.

ஏறியவருக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் கயிறு, கையில் சின்ன மெஷின்வாள். ஏறுவதற்கு முன் அடியில் கற்பூரம் கொளுத்தினார். அதில் குடியிருக்கிற எல்லாரும் விலகிப் போகவேண்டுமென்று வாய்க்குள் சொன்னார். அணில்கள் விலகவில்லை, கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டே இருந்தன. மேல் கவட்டில் பெரிய கயிற்றைப் போட்டு, ஒவ்வொரு கொப்பையும் முதலில் கட்டி, கீழ்ப்பக்கம் ஒரு சின்ன வெட்டு, பிறகு மேற்பக்கம் முழு வெட்டு. கீழே நால்வர் கயிற்றை விட்டுக்கொடுத்து இறக்கினார்கள். ஓடு ஒன்றும் உடையவில்லை. தேத்தண்ணிக்கு இறங்கியபோது சொன்னார்: "தறிக்கிறது லேசு ஐயா. இறக்கிறதுதான் வேலை. மறுகா மிசினோட வாறவனெல்லாம் தறிப்பான்."

அடிமரம் விழுந்த பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். வாவிப் பக்கம் பதினொரு அங்குலம் நல்ல மரம், இரும்பு போல. கட்டடத்துப் பக்கம் நாலு அங்குலம். அதற்கும் உள்ளே கபில நிறப் பொடி, கையால் அள்ளலாம். கறையான் வந்து போன பாதைகள். உக்கல் எங்கே தொடங்கியிருக்கிறது என்று கீழே தோண்டிப் பார்த்தால், வேர் வெட்டுப்பட்ட முனை. அதற்கு ஒன்றரை அடி தள்ளி சீமெந்து வடிகான் ஓடுகிறது. எப்போதோ கான் வெட்டியவர்கள் அந்தப் பக்கத்துப் பெருவேர்களை நேர்கோட்டில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெட்டுவாயால் காளான் ஏறி, பத்துப் பதினைந்து வருடம் மெல்ல மெல்லத் தின்று மேலே வந்திருக்கிறது. தறிக்க வேண்டிய மரந்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வயதினால் போன மரமில்லை. வடிகானால் போன மரம். கானை ஐந்தடி தள்ளி வெட்டியிருந்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு நிழல் கிடைத்திருக்கும்.

அடிமரத்தை வாங்க வந்த மர ஆலைக்காரர் முதலில் கேட்டது, "இஞ்ச கிட்ட முகாம் இருந்ததா?" கிழக்கில் பழைய மரம் வாங்குகிறவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. யுத்த காலத்து ஈயமும் இரும்புத் துண்டும் வைரத்துக்குள் புதைந்து கிடக்கும். வாளின் பல் போய்விடும்.

அரசுக்கும் ஆலுக்கும் நியாயம் வேறு. அவை தரையில் நின்றால் கோயில். மதிலில் முளைத்தால் எதிரி. மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். 1638 மே 18இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு முதலில் விழுந்த கோட்டை இதுதான். இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. இப்படியான பழைய மதில்களை இன்று உடைப்பது பீரங்கியல்ல, காகம். ஆலம்பழத்தைத் தின்று மதில்மேல் எச்சமிடும். சுண்ணாம்புச் சாந்துக்குள் விதை விழும். முதல் வருடம் விரலால் பிடுங்கலாம். மூன்றாம் வருடம் கத்தி வேண்டும். பத்தாம் வருடம் வேர் கல்லுக்குள் கைபோட்டுத் தழுவிக்கொண்டிருக்கும். அதை இழுத்தால் மதிலும் சேர்ந்து வரும்.

எங்கள் ஆட்கள் வழமையாகச் செய்வது, தழையத் தழைய மேலே வெட்டிவிட்டு வருவது. அது மரத்துக்குக் கவாத்து. ஒவ்வொரு வெட்டுக்கும் அடி இன்னும் பருக்கும். செய்யவேண்டியது இதுதான்: மரத்தை மதிலோடு சமமாக அறுத்து, அடிக்கட்டைக்கு மருந்து வைத்து வேரைச் சாகவிட்டு, செத்த வேரைப் பிடுங்காமல் உள்ளேயே விட்டு, உக்கி வெறுமையாகும் இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பவேண்டும். சீமெந்தால் அடைக்கக்கூடாது. சீமெந்து பழைய கல்லைவிடக் கடுமையானது. வாவியின் உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லையே பொரித்துவிடும். நான் வேலையிலிருந்த காலத்தில் எத்தனையோ பழைய சுவரைச் சீமெந்து பூசி "திருத்தியதை" பார்த்திருக்கிறேன். கம்போடியாவில் தா புரோம் கோயிலைக் கல்லும் வேருமாகப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே மரத்தை எடுத்தால் கோயில் விழும், விட்டாலும் விழும். இந்தியத் தொல்லியல் துறையினர் டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கே மரத்தையும் கல்லையும் சேர்த்தே தாங்கிப் பிடிக்கிற வேலையைச் செய்தார்கள். கல் தெரிந்தவரும் மரம் தெரிந்தவரும் ஒரே சாரத்தில் நின்று பார்த்தார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இங்கே அப்படி நிற்க வைப்பது எளிதில்லை. ஒரு மரத்தை எடுப்பதென்றால் பிரதேச செயலகம், மாநகர சபை அல்லது பிரதேச சபை, அரச காணியென்றால் மரக் கூட்டுத்தாபனம், மின்கம்பி போனால் மின்சாரக்காரர். பலா, ஈரப்பலா என்றால் 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய இடமென்றால் தொல்பொருள் திணைக்களம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு: சரித்திரக் காரணத்துக்காக ஒரு தனி மரத்தையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் கோயில்காரர் யாரும் அந்தக் கதவைத் தட்டமாட்டார்கள். ஏன் என்று கேட்கத் தேவையில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இந்த மாகாணத்துக்கான அந்தக் குழுவில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. மரத்தைப் பார்க்க வருகிறவர் காணியையும் பார்த்துப் பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போவாரோ என்ற பயம் படுவான்கரைக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் பலனை அனுபவிப்பது மரம். யாரையும் கேட்காமல் இரவோடிரவாகத் தறிபடுகிறது. அல்லது யாரும் தொடாமல் விழும்வரை நிற்கிறது.

கேட்கக்கூடாத ஆளைக் கேட்பது அடுத்த பிழை. "ஐயா, கூலி வேண்டாம், மரத்தையும் விறகையும் எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் வருவார். இந்த மரம் நிற்குமா என்று அவரிடமே கேட்பார்கள். அவர் என்ன சொல்வார்? நிற்கும் என்று சொன்னால் அவருக்கு ஒரு கொப்பும் கிடைக்காது. மரத்தைப் பார்த்துச் சொல்கிறவருக்கு அந்த மரத்தில் ஒரு சதமும் இலாபம் இருக்கக்கூடாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே மாவட்டத்தில் பாதி மரம் தப்பும் என்பது என் அபிப்பிராயம்.

தப்பவைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆலமரங்களைச் சொல்வேன். கல்கத்தாவுக்கு எதிரே ஹவுராவிலுள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டது, நடு அடிமரத்தில் காளான் பிடித்தது; 1925இல் அந்த அடிமரத்தையே வெட்டி எடுத்தார்கள். முழு மரத்தையும் அல்ல, நோய்ப்பட்டதை மட்டும். இன்று நடுவில்லாமல், ஆயிரக்கணக்கான விழுதுகளில் நின்று ஏக்கர்கணக்கில் நிழல் தருகிறது. சென்னை அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் காற்றில் விழுந்தது. விழுதுகளில் மரம் இன்னும் நிற்கிறது. தூரம் போக வேண்டாமென்றால், அநுராதபுரம் ஸ்ரீ மகா போதியைப் பாருங்கள். அதன் கொப்புகளுக்குப் பொன்முலாம் பூசிய முட்டுக்கால் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பொன் வேண்டாம். பாலை மரத்தில் ஒரு முட்டுக்கால் போதும். தோணி கட்டத் தெரிந்த ஊரில் கொப்புக்குக் கால் கொடுக்கத் தெரியாதா?

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாருக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரத்தடியைச் சுற்றிச் சீமெந்து பூசி மேடை கட்டாதீர்கள்; கட்டியிருந்தால் இரண்டடி உடைத்து மண்ணைத் திறந்துவிடுங்கள். வேலி அடிக்க ஆணியைப் பட்டையில் அறையாதீர்கள். கான், தண்ணீர்க் குழாய் வெட்ட ஆட்கள் வந்தால் எட்ட நின்று பார்க்காமல், எந்தப் பக்கம் வேர் ஓடுகிறதென்று காட்டுங்கள். கொப்பை எடுப்பதென்றால் அடியிலுள்ள தடித்த வளையத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள். அந்த வளையத்திலிருந்துதான் மரம் காயத்தை மூடும். தலையை மொட்டையடிக்க விடாதீர்கள். அப்படி அடித்த இடத்தில் குச்சிகுச்சியாகத் தழைப்பவை பட்டையில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. அடுத்த காற்றில் முதலில் விழுவதும் அவைதான். தறித்தேயாக வேண்டுமென்றால், தறிப்பதற்கு மூன்று நாலு வருடம் முன்பே பக்கத்தில் ஒரு மருதையோ வேம்பையோ நட்டுவிடுங்கள். வருடா வருடம் மரத்தின் சுற்றளவையும், பொந்தின் வாயையும், சாய்வையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கோயில் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கம் போதும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கிழக்குக் கரை வழியாகத்தான் தீவுக்குள் நுழைந்தது. இனி வருவதும் இந்தக் கரையால் வரலாம். புரட்டாதி முடிவதற்குள் மரத்தைத் தட்டிப் பார்த்து, எடுக்கவேண்டிய கொப்பை இறக்கிவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஈரக் கொப்பில் ஏற ஒருவரும் வரமாட்டார்கள்.